நெல்டாவுக்குப் பதில் மக்காச்சோளம்

ராட்டன் கணவாயின் அடிவாரத்தில் என் மனைவி நெல்டா வண்டியை விட்டு இறங்கினாள். பூனையையும் இறக்கினாள்.

"வீடு வந்து தள்ளாத ஒரு வண்டியா வாங்கு, ஆர்லிஸ். வாங்கிட்டுச் சொல்லு, வந்து பாக்கறேன். அதுவரைக்கும் நான் என் தங்கச்சி வீட்ல இருக்கேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் பேசியிருக்கலாம்.

எங்கள் வீட்டுக்குச் சக்கரம் உண்டு. நான் குழாய் பதிக்கிற கூலி. ஓர் இடத்தில் குழாய் முடிந்தால் அடுத்த இடத்துக்கு வீட்டை இழுத்துக்கொண்டு போக வேண்டும். இந்த வகை வீட்டுக்கு ஐந்தாம் சக்கரம் என்று பெயர். ஐந்தாவதாக ஒரு சக்கரத்தை நான் அதில் பார்த்ததில்லை. வீட்டின் மூக்கு டிரக்கின் முதுகுக்கு மேலே நீண்டு நிற்கும். மூக்குக்கு அடியில் ஓர் இரும்பு முளை. டிரக்கின் பின்பக்கத் திறந்த தொட்டி நடுவில் ஒரு கொக்கி, அதற்கு ஒரு தாடை. முளை தாடைக்குள் போய்க் கடிபட்டால் வீடும் வண்டியும் ஒன்று. அந்த மூக்குக்குள்தான் எங்கள் படுக்கை. படுக்கைக்கு முன்னால் அலமாரி. அலமாரி முழுக்க நெல்டாவின் பீச் ஜாடிகள், வெண்டைக்காய் ஊறுகாய், வார்ப்பிரும்புச் சட்டிகள், தையல் மெஷின். ஆக, வண்டி வீட்டை இழுத்தால் மட்டும் போதாது. எங்கள் படுக்கையையும் அவள் ஜாடிகளையும் முதுகில் சுமக்க வேண்டும்.

என் பழைய வண்டி இழுக்கும். சமதரையில் அது போதும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். ராட்டன் இறக்கத்தில் பக்கவாட்டில் காற்று அடித்தபோது, வண்டியை நான் ஓட்டவில்லை, வீடு ஓட்டியது. நெல்டா மடியில் ஒரு ஜாடி நிறைய ஐஸ் டீ வைத்திருந்தாள். கீழே வந்து சேர்ந்தபோது டீ முழுக்கப் பூனை மேல் இருந்தது. பிரேக் புகைந்தது. பூனை பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

தங்கை வாண்டாவின் புருஷன் டெல்பர்ட் ஸ்வீட்வாட்டரிலிருந்து வேன் எடுத்துக்கொண்டு வரும்வரை பெட்ரோல் பங்கில் உட்கார்ந்திருந்தோம். அவன் வந்து அலமாரியைக் காலி செய்து ஏற்றிக்கொண்டு போனான். நான் வீட்டைத் தனியாக, அடுத்த வேலை இருந்த பேகஸ் ஊருக்கு இழுத்து வந்தேன். மூக்கில் பாரம் குறைந்ததால் வண்டி நன்றாகவே ஓடியது. அதை நெல்டாவிடம் சொல்லவில்லை. வந்து சேர்ந்த வாரமே அதற்கு கியர்பாக்ஸ் போய்விட்டது.

கோடை முழுக்க அப்படியே போயிற்று. சில ஞாயிற்றுக்கிழமைகளில் நெல்டா தங்கையின் காரில் சோற்றுப் பாத்திரத்தோடு வருவாள், சாயங்காலம் போய்விடுவாள். ஆகஸ்டில் பேகஸ் வேலை முடிந்தது. அடுத்தது வயோமிங். அதே சமயம் ஸ்வீட்வாட்டர் பள்ளிக்கூடத்தில் சமையலுக்கு ஆள் கேட்டார்கள். நெல்டாவைத்தான் கேட்டார்கள்.

"திங்கக்கிழமைக்குள்ள சொல்லணுமாம்," என்றாள் போனில்.

"நீ என்ன சொல்லப் போறே?"

"நீ என்ன வண்டி வாங்கப் போறே?"

நான் வீட்டை நிறுத்தியிருந்த பார்க்கில் எல்லாரும் சக்கர வீட்டுக்காரர்கள். வண்டி வாங்குகிற ஒருவன் அங்கே கிடைத்தால், செத்த மாட்டைக் கண்ட கழுகு மாதிரி வந்து கூடிவிடுவார்கள். எங்கள் ஆட்களில் மூன்று மதம் உண்டு. நீல முட்டை, பொன் வில், ஆட்டுத்தலை. வண்டி மூக்கில் எந்தக் கம்பெனிச் சின்னமோ அதுதான் மதம். தேவாலயம் மாறுகிறவனை மன்னித்துவிடுவார்கள். நாங்கள் பொன் வில். என் அப்பாவின் கல்லறைக் கல்லில் அந்த வில்லைச் செதுக்கியிருக்கிறோம். அவர் பெயரைவிடக் கொஞ்சம் பெரிது.

பக்கத்து மனையில் இருந்த கத்ரி வெல்டர். ஆட்டுத்தலை. ஆனாலும் நல்ல மனிதன்.

"யோவ், மொதல்ல எடை போடு. எடை போடாம வண்டி வாங்கறவன், அளவெடுக்காம கோட்டு தைக்கறவன். வா, என் வண்டில மாட்டி இழுத்துட்டுப் போலாம்," என்றான்.

மாட்டினோம். கொக்கி மாட்டுகிறவனிடம் யாரும் பேசக் கூடாது. இது பார்க்கில் எழுதாத சட்டம். பேச்சுக் கொடுத்தால் அவன் ஏதாவது ஒன்றை மறப்பான், தாடை கடிக்காமல் கிளம்புவான், வீடு வண்டி முதுகில் விழும். அதனால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள், வாயைத் திறக்க மாட்டார்கள். எங்கள் ஆட்கள் இவ்வளவு அமைதியாக சவ அடக்கத்தில்கூட இருப்பதில்லை. தாடை கடித்து, ஒருமுறை முன்னால் இழுத்துப் பார்த்து, வீட்டைத் தாங்கி நிற்கிற முன்கால்களைத் தூக்கி, தொட்டியின் பின்கதவைச் சாத்தின பிறகுதான் பேச்சு.

பருத்தி அரவை ஆலையில் லாரி எடைமேடை இருந்தது. வீட்டைக் கழற்றி வைத்துவிட்டு, முதலில் கத்ரி வண்டியை மட்டும் நிறுத்தினோம். பிறகு வீட்டை மாட்டி, வண்டிச் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கிற மாதிரி நிறுத்தினோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வீட்டின் மூக்கு வண்டி முதுகில் வைக்கிற பாரம். ஆயிரத்துத் தொள்ளாயிரம் பவுண்டு.

எடை பார்க்கிற ஓபல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"என்னப்பா, பொண்டாட்டி இல்லாதவனா?"

"இருக்கா."

"மூக்கு இவ்ளோ லேசா இருக்கே."

கத்ரி என்னைப் பார்த்தான். "ஆமா, நெல்டா சாமான் இல்லாம எடை போட்டா அது என்ன எடை?"

"சாமான் ஸ்வீட்வாட்டர்ல இருக்கு."

"அது எங்க இருக்குன்னா கேட்டேன்? வண்டி ஒருத்தனுக்கா, ரெண்டு பேருக்கான்னு கேக்கறேன்."

நான் டயரைப் பார்த்தேன். டயரில் ஒன்றும் இல்லை.

மறுநாள் கத்ரியின் வண்டியை இரவல் எடுத்துக்கொண்டு தனியாக ஒடெஸ்ஸா போனேன். கடையின் முன்வரிசையிலேயே அது நின்றது. பொன் வில். கருஞ்சிவப்பு. நான்கு கதவு, தோல் இருக்கை, கூரையில் கண்ணாடி. விற்கிற இளைஞன் கைகுலுக்கும்போதே என்னை உள்ளே உட்கார வைத்துவிட்டான்.

"மலையையே இழுக்கும் சார் இது."

"இழுக்கறது சரி தம்பி. சுமக்குமா?"

"சார், சீட்ல ஒரு பட்டன் இருக்கு, அமுக்கிப் பாருங்க."

அமுக்கினேன். இருக்கைக்குள்ளிருந்து முதுகில் குளிர்ந்த காற்று வந்தது. நாற்பது வருஷம் பள்ளம் தோண்டிய முதுகு. இதுவரை அதை யாரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்டதில்லை.

பிறகு இறங்கிக் கதவோரம் ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டைப் படித்தேன். எனக்கு எழுத்து நாற்பது வயதுக்கு மேல் நெல்டா கற்றுக்கொடுத்தது, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். முதலில் மாவு டப்பா, பிறகு மருந்து புட்டி, பிறகு சாலைப் பலகை. அதனால் அந்தச் சீட்டைப் படிக்கவில்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு வழியே கிடையாது. ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் ஒருபோதும் போகக் கூடாது என்று எழுதி, இரண்டாயிரத்து எழுநூறு பவுண்டு என்று போட்டிருந்தது. வண்டிக்குள் தோலும் கண்ணாடியும் விசிறியும் ஏற ஏற, அது சுமக்கக் கூடியது குறையும். விசிறியையும் வண்டிதானே சுமக்கிறது.

மூக்கின் பாரம், கொக்கி, என் வேலைச் சாமான், நான். மனதுக்குள் கூட்டினேன். சரியாக உட்கார்ந்தது. இன்னும் ஒரு தொப்பிக்கு இடம் இருந்தது.

"நாளைக்கு வரேன். யாருக்கும் குடுத்துடாதே," என்றேன்.

"உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது சார், இது உங்க வண்டி."

அன்று மாலை கத்ரி என்னை விடவில்லை. மொனஹன்ஸில் மின்சாரக் கூட்டுறவுக்காரர்கள் பழைய வண்டி ஒன்றை விற்கிறார்கள், பார்த்துவிட்டாவது வா என்று இழுத்துப்போனான். வெள்ளை. ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்தது என்றும் சொல்லலாம். பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயர். இரண்டே கதவு. தொட்டி நல்ல நீளம். ரெக்ஸின் இருக்கை, கம்பளம் கிடையாது, கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்க வேண்டும். டாஷ்போர்டின் ஓரத்தை எப்போதோ ஒரு நாய் தின்றிருந்தது. மூக்கில் ஆட்டுத்தலை.

மஞ்சள் சீட்டில் ஐந்தாயிரத்துக்கு மேலே போட்டிருந்தது.

"எப்படி?" என்றான் கத்ரி.

"எங்கப்பா என்ன நினைப்பாரு?"

"உங்கப்பா வயோமிங் வர்றாரா?"

"வரல."

"அப்ப வர்றவங்களக் கேளு."

வீட்டுக்கு வந்ததும் நெல்டாவுக்குப் போன் போட்டேன். எடை போட்டதைச் சொன்னேன். மூக்கில் எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன். மறுமுனையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"காலி அலமாரியோட போட்டியா?"

"உன் சாமான் இங்க இல்லையே, நெல்டா."

"இல்ல."

"அதான்."

"சரி. அப்ப அந்தக் கணக்குக்கு ஒரு வண்டி கெடைச்சிருக்குமே."

"ஒடெஸ்ஸாவுல ஒண்ணு பாத்தேன். சிவப்பு. சீட்டுல காத்து வருது."

"நல்லதுதானே. நல்லா ஒத்தை ஆளா போய்ட்டு வா. பூனைக்குச் சாப்பாடு வைக்கணும், வெக்கிறேன்," என்று போனை வைத்துவிட்டாள்.

எனக்கு விளங்க எப்போதும் கொஞ்ச நேரம் ஆகும். அன்றைக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. அவள் வருகிறாளா இல்லையா என்று நான் காத்திருந்தேன். அவள் வருவாள் என்று நான் கணக்கில் வைத்திருக்கிறேனா என்று அவள் காத்திருந்தாள். கோடை முழுக்க இருவரும் இப்படியே காத்திருந்திருக்கிறோம். ஆகஸ்ட் வந்துவிட்டது.

காலையில் தீவனக் கடைக்குப் போனேன். மான் வேட்டைக்காரர்கள் காட்டில் இறைக்கிற மக்காச்சோளம் அங்கே மூட்டையாகக் கிடைக்கும். மூட்டை ஐம்பது பவுண்டு.

"சீசனுக்கு ரொம்ப முன்னாடியே வாங்கறீங்க," என்றார் கடைக்காரர்.

"மானுக்கு இல்ல. பொண்டாட்டிக்கு."

அவர் மூட்டைகளை எண்ண ஆரம்பித்தார்.

வாண்டாவுக்குப் போன் போட்டு, நெல்டாவிடம் சொல்லாதே என்று சொல்லிவிட்டு, சாமானை எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். நானும் கத்ரியும் மூட்டைகளைத் தூக்கிப்போய் மூக்கு அலமாரியில் அடுக்கினோம். ஜாடிக்கு, சட்டிக்கு, தையல் மெஷினுக்கு, துணிக்கு.

"போதும்யா, கதவு சாத்தாது," என்றான் கத்ரி.

"இன்னும் ரெண்டு வை."

"அது எதுக்கு?"

"பீச் சீசன்ல அவ வாண்டா வீட்ல அடுப்புப் பக்கத்துல இருந்திருக்கா. சும்மாவா இருந்திருப்பா?"

வைத்தோம். பிறகு எடை போட மாட்டியிருந்த கத்ரி வண்டியில், நெல்டாவின் இடமான முன்னிருக்கை பாக்கி. கத்ரி நான்கு மூட்டை என்றான். நான் மூன்று என்றேன். கொஞ்ச நேரம் வாதாடினோம். அவள் என் மனைவி என்பதால் மூன்று என்று முடிவாயிற்று. இருக்கையில் வைத்ததும் பெல்ட் போடச் சொல்லி வண்டி கத்த ஆரம்பித்தது. போட்டுவிட்டோம். பூனைக்கு அரை மூட்டை.

மறுபடியும் எடைமேடைக்கு இழுத்துப் போனோம். ஓபல் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தாள். முன்னிருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த மூட்டைகளைப் பார்த்தாள். எடையைப் பார்த்தாள்.

"இப்பத்தான்யா கல்யாணம் ஆனவன் வண்டி மாதிரி இருக்கு," என்றாள்.

புது எடைக்குச் சிவப்பு வண்டி கிட்டவே வரவில்லை. ஒடெஸ்ஸாவுக்குப் போன் போட்டு வேண்டாம் என்றேன். "ஏன் சார்? கலர் பிடிக்கலையா?" என்றான் அந்த இளைஞன். ரொம்பப் பிடித்தது என்றேன். என் முதுகுக்கும் அதையே சொல்லியிருப்பேன், கேட்டிருந்தால்.

வெள்ளை வண்டியை வாங்கினேன். அப்பாவை நினைத்து, மூக்கிலிருந்த ஆட்டுத்தலையின் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். பார்க்கில் இருந்த நீல முட்டைக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, வண்டிக்குக் கண் நோயா என்று கேட்டார்.

வயோமிங் வடக்கே இருக்கிறது. நான் வீட்டை மாட்டிக்கொண்டு கிழக்கே போனேன். அலமாரி மூட்டைகளை இறக்கவில்லை, முன்னிருக்கை மூட்டைகளை வெள்ளை வண்டிக்கு மாற்றி பெல்ட் போட்டேன். நெல்டா பாரத்தோடு வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும் அல்லவா. வழி முழுக்க மூன்று மூட்டைகள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தன. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் ஒரு மாதிரி இருந்தது.

சனிக்கிழமை மதியம் ஸ்வீட்வாட்டரில் வாண்டா வீட்டு வாசலில் நிறுத்தினேன். டெல்பர்ட் வெளியே வந்து வண்டியைச் சுற்றி வந்தான். "ஒண்ணு கேக்கணும், இது என்ன நெறம்?" என்றான். நெல்டா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நிறத்தைப் பார்க்கவில்லை, டேப்பைப் பார்க்கவில்லை. நேராக ஓட்டுநர் கதவைத் திறந்து மஞ்சள் சீட்டைப் படித்தாள். உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தாள். எனக்குக் கற்றுக்கொடுத்தபோது அப்படித்தான் படித்துக் காட்டுவாள். பிறகு தலையை உள்ளே விட்டாள்.

"இது யாரு?"

"நீ."

மூட்டைகளைப் பார்த்தாள். பெல்ட்டைப் பார்த்தாள்.

"நான் மூணு மூட்டையா?"

"கத்ரி நாலுன்னான்."

"அவன் கெடக்கான். இது?"

"பூனை."

வீட்டுக்குள் ஏறிப்போய் அலமாரியைத் திறந்தாள். நான் படியில் நின்றேன். உள்ளே அவள் எண்ணுவது கேட்டது.

"ரெண்டு மூட்டை அதிகமா இருக்கு, ஆர்லிஸ்."

"அது இந்த வருஷத்துப் பீச்."

அலமாரிக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் இறங்கி வந்து, முன்னிருக்கை மூட்டைகளின் பெல்ட்டைக் கழற்றி, டெல்பர்ட்டைக் கூப்பிட்டு இறக்கச் சொன்னாள். சமையலறைக்குப் போய் ஒரு ஜாடியில் விளிம்புவரை ஐஸ் டீ ஊற்றிக் கொண்டுவந்தாள். ஏறி உட்கார்ந்து ஜாடியை மடியில் வைத்தாள்.

"ஓட்டு."

ஊருக்குத் தெற்கே காற்றாலைகள் நிற்கிற மேடு இருக்கிறது. காற்று இல்லாத இடத்தில் காற்றாலை வைக்க மாட்டார்கள். அங்கே ஏறித் திரும்பி, இறக்கத்தில் விட்டேன். பக்கவாட்டில் காற்று அடித்தது. வீடு பின்னால் அதுபாட்டுக்கு வந்தது. நான் கியரைக் குறைத்தேன், வண்டி சொன்னபடி கேட்டது. நெல்டா ஜாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். நானும் ஜாடியைப் பார்த்தேன். "நீ ரோட்டைப் பாரு," என்றாள்.

டீ கொஞ்சம் சிந்தத்தான் செய்தது. அது கீழே வந்து சேர்ந்த பிறகு அவள் குடிக்கும்போது.

"ஒக்கார எடம் நல்லால்ல," என்றாள்.

"ஆமா."

"நாத்தம் அடிக்குது."

"நாய் இருந்திருக்கு."

அன்று ராத்திரிக்கு வீட்டை வாண்டா தெருக்கோடியில் தேவாலய மைதானத்தில் கழற்றி நிறுத்தினேன். நெல்டா வாண்டா வீட்டிலேயே படுத்தாள். ஜாடிகள் எல்லாம் வாண்டாவின் அலமாரியிலேயே இருந்தன. வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

ஞாயிறு காலை நான் கிளம்பியாக வேண்டும். தொட்டியின் பின்கதவை இறக்கி, வண்டியைப் பின்னால் எடுக்க ஆரம்பித்தேன். தேவாலயத்துக்கு வந்தவர்கள் கோட்டும் தொப்பியுமாக வரிசையாக நின்று பார்த்தார்கள். அவர்களுக்கும் சட்டம் தெரியும். போதகர்கூட வாயைத் திறக்கவில்லை. தனியாக மாட்டும்போது கண்ணாடியில் பார்த்துப் பார்த்து நகர வேண்டும். பாதி வழியில் கண்ணாடியில் நெல்டா தெரிந்தாள். முளைக்குப் பக்கத்தில் நின்று கையைக் காட்டினாள். இடது. இன்னும் இடது. நேர். வா. வா.

முளை தாடையைத் தொடுகிற நேரத்தில் அவள் சட்டத்தை மீறினாள்.

"ஆர்லிஸ், அந்த மூட்டை எல்லாத்தையும் இறக்கணும். என் ஜாடிக்கு எடம் வேணும்."

போதகர் என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பதில் சொல்லவில்லை. தாடை கடிக்கிற சத்தம் கேட்டது. இறங்கிப்போய்க் கடித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். குனிந்தபடியே தேவைக்குக் கொஞ்சம் அதிகமாக நின்றேன். திரும்ப ஏறி ஒருமுறை முன்னால் இழுத்துப் பார்த்தேன். முன்கால்களைத் தூக்கினேன். பின்கதவைச் சாத்தினேன்.

"சரி," என்றேன்.

கோட்டுப் போட்டவர்களே மூட்டைகளை இறக்கினார்கள். மக்காச்சோளத்தை டெல்பர்ட் எடுத்துக்கொண்டான். அவன் வீட்டுப் பக்கம் மான் கிடையாது. பக்கத்து வீட்டு ஆடுகள் உண்டு. ஜாடிகளைக் கொண்டுவந்து அடுக்கியபோது, பீச்சுக்கு நான் வைத்த இரண்டு மூட்டை இடம் போதவில்லை. மிச்சத்தைப் படுக்கைக்கு அடியில் தள்ளினோம். மஞ்சள் சீட்டில் இன்னும் இடம் இருக்கிறது என்றாள் நெல்டா.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு அவள் போன் போட்டபோது நாங்கள் கொலராடோவில் இருந்தோம். ராட்டன் கணவாயைத் தெற்குப் பக்கமிருந்து ஏறி முடித்து, மேலே எஞ்சினை ஆற விட்டிருந்தேன். முன்னால் இறக்கம். பேசி முடித்ததும் நெல்டா பூனையை மடியிலிருந்து எடுத்து என் பக்கம் வைத்துவிட்டு இறங்கினாள். போன முறையும் இதே மலையில்தான் இறங்கினாள்.

வண்டியின் மூக்குப் பக்கம் போனாள். நகத்தால் சுரண்டி, ஆட்டுத்தலை மேலிருந்த கறுப்பு டேப்பை உரித்தாள். உருட்டிப் பையில் போட்டுக்கொண்டு திரும்ப ஏறி, பெல்ட் போட்டாள்.

"இழுக்கறது அதுதானே. கண்ணு தெரிஞ்சு எறங்கட்டும்."

பூனை எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது. பிறகு இருக்கைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அதற்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.